அவரவர் ஊசி

காரியாபட்டி
6.8.2024

பிரீத்திகா அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் அடித்த போனையெல்லாம் பார்த்தேன், எடுக்கவில்லை. பெங்களூரிலிருந்து பிள்ளையும் கூப்பிட்டு, “அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசும்மா” என்று கெஞ்சுகிறாள். போனில் பேசினால் நீங்கள்தான் பேசுவீர்கள். நான் ஒரு விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் “சரி சரி, வையி” என்பீர்கள். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீங்கள் பொறுத்திருந்துதான் ஆக வேண்டும்.

செல்லத்தாய் அக்காவை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குளியலறையில் விழுந்ததில் முறிந்த இடுப்பெலும்புக்குத் தகடு வைத்திருக்கிறார்கள். திரும்பிப் படுக்கக்கூட ஆள் வேண்டியிருக்கிறது. அவள் மகன் மகேஷ்குமார் லீவு முடிந்து துபாய்க்குப் போய்விட்டான். தங்கச்சி நான் ஒருத்தி இருக்கும்போது அவள் யாரை நம்பிப் படுத்திருப்பாள்?

நான் கிளம்புகிறேன் என்றதும் நீங்கள் கேட்டது ஒன்றுதான்: “ஒனக்கு ஊசி யாரு போடுவா?” எனக்கு இன்சுலின் ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. எந்த ஊருக்குக் கிளம்பினாலும் இதே கேள்வி. அத்தான் இறந்தபோதுகூட, அழுத கண் காயும்முன் சாயங்கால ஊசிக்குச் சிவகாசிக்கு பஸ் ஏறினேன். கேள்வியில் தப்பில்லை. ‘நானே போட்டுக்கொள்வேன்’ என்று ஒரு பதில் இருப்பது நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை, அதுதான் தப்பு.

இப்போதைக்கு இங்கே ஆஸ்பத்திரியில் ஷைலா என்று ஒரு சிஸ்டர் போட்டுவிடுகிறார். அடுத்த வாரம் நானே போட வேண்டுமாம். ஊசியைப் பார்த்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. இதைப் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம்.

தோசை மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. புளிக்கும்முன் தீர்த்துவிடுங்கள்.

சொர்ணலட்சுமி


சிவகாசி
10.8.2024

சொர்ணத்துக்கு,

கடிதம் கிடைத்தது. பக்கத்து ஊரிலிருந்து கடிதம் எழுதுகிற பெண்டாட்டி எனக்குத்தான் வாய்த்திருக்கிறாள்.

ஆடிப்பெருக்குக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிட்டது. பிரஸ்ஸில் ஆர்டர் மேல் ஆர்டர். மெஷின் நிற்பதே இல்லை. சீசன் தொடங்குகிற நேரமாகப் பார்த்துக் கிளம்பிப் போனாய்.

ஆறு வருஷமாக நீ எங்கும் தங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நானும்தான் தங்கவில்லை. டெல்லியில் புது மெஷின் பார்க்க முதலாளி கூப்பிட்டார், போகவில்லை. ராத்திரி ஷிப்டு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டேன். ஏழு மணிக்கு எந்த வேலை கையில் இருந்தாலும் ராமகிருஷ்ணனிடம் மெஷினைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். அதெல்லாம் உன் கடிதத்தில் வரவில்லை.

நான் போட்ட ஊசி ஒரு நாளாவது வலித்தது என்று நீ சொன்னதுண்டா? தெரியாத ஆளிடம் போய்க் கையை நீட்டுகிறாய்.

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. தண்ணீர் குடித்து மாளவில்லை. மாவு புளித்துவிட்டது.

சண்முகவேல்


காரியாபட்டி
19.8.2024

பிரீத்திகா அப்பாவுக்கு,

இன்று காலை எனக்கு நானே ஊசி போட்டுக்கொண்டேன்.

இதை மட்டும் எழுதி ஒட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஷைலா சிஸ்டர் ஊசி பழக வந்த எங்களைச் சுவரோரம் பெஞ்சில் உட்கார வைத்து ஆளுக்கொரு சாத்துக்குடி கொடுத்தார். அதில் தண்ணீரை ஏற்றிப் பழக வேண்டும். எனக்குப் பக்கத்தில் பருத்தி யாவாரம் செய்கிற பெரியவர், “சிஸ்டர், பழத்துக்கு சுகர் கொறஞ்சிருமா?” என்றார். எல்லாரும் சிரித்தோம். மருந்துக் குப்பியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்ட வேண்டும், வெள்ளை அடியில் தங்காமல் ஒரே நிறமாக வர வேண்டும். அது எனக்குத் தெரியும், நீங்கள் செய்வதைத் தினமும் பார்த்தவள்தானே.

பிறகு சிஸ்டர், இத்தனை நாள் கூட்டத்தின் அவசரத்தில் கவனிக்காத என் இடது கையைத் தடவிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

“என்னம்மா இது, இங்கன கொழுக்கட்டை மாதிரி திரண்டு கெடக்கு?”

“ஊசி போடுற எடம் சிஸ்டர்.”

“யாரு போட்டா?”

“எங்க வீட்டுக்காரரு. பிரஸ்ஸுல மெஷின்மேனா இருக்காக.”

“அதான். ஒரு நூலு பிசகாம ஒரே எடத்துல அடிச்சிருக்காரு” என்று சிரித்தார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: ஒரே இடத்தில் போட்டால் கொழுப்பு திரண்டு கட்டியாகிவிடுமாம், அதில் போடுகிற மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராதாம். மருந்தைக் கூட்டிக்கொண்டே போயும் என் சர்க்கரை ஏன் அடங்கவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது.

இனி வயிற்றில்தான். தொப்புளை விட்டு இரண்டு விரல் தள்ளி, தோலைப் பிடித்துக்கொண்டு. பிடித்துவிட்டேன், குத்தத்தான் வரவில்லை. சிஸ்டர் என் கையைப் பிடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, “நான் பாக்கல. ஒங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பப் போடுங்க” என்றார். வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தோடு குத்திவிட்டேன்.

எறும்பு கடித்த அளவுகூட இல்லை. ஆனால் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

சொர்ணலட்சுமி


சிவகாசி
23.8.2024

சொர்ணத்துக்கு,

அந்த இடத்தில்தான் வலிக்கவில்லை, அங்கேயே போடுங்கள் என்று காட்டியது நீ. கட்டி என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் நான் ஏன் போடப்போகிறேன்?

ஊரெல்லாம் சிரிக்க என்னைக் கதையாக்கிவிட்டாய். சந்தோஷம்.

சண்முகவேல்


காரியாபட்டி
2.9.2024

பிரீத்திகா அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் வந்து போனதிலிருந்து மனசு சரியில்லை.

எனக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்ததை அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னதால் உங்களுக்குப் பாதிதான் தெரியும். அன்று காலை ஊசி போட்டுவிட்டு இட்லியைத் தட்டில் வைத்தேன். அதற்குள் அக்கா கூப்பிட்டாள், அவளைத் தூக்கி உட்கார வைத்து, துணி மாற்றி, படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டு வந்தேன். அடுப்படியில் கால் நிற்கவில்லை. வேர்வை கொட்டியது. தட்டு எதிரில் இருக்கிறது, அது சாப்பிடுகிற பொருள் என்றே தோன்றவில்லை. அக்கா கட்டிலிலிருந்து, “சொர்ணம்! சீனி டப்பாவ எடு! சீனிய வாயில போடுடி!” என்று கத்தினாள். எழுந்து வர முடியாத ஆள் கத்திக் கத்தியே என்னைக் காப்பாற்றினாள். தரையில் உட்கார்ந்தபடியே டப்பாவை இழுத்து அள்ளிப் போட்டேன். சற்று நேரத்தில் தெளிந்தது.

சிஸ்டரிடம் ஓடினேன். சாப்பாடு தள்ளிப்போனது ஒரு காரணம். இன்னொன்று, கட்டியில்லாத இடத்தில் போடுவதால் மருந்து இப்போதுதான் முழுசாகச் சேர்கிறதாம். டாக்டர் அளவைக் குறைத்துவிட்டார். இப்போது தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் ஊசியையே தொடுகிறேன்.

நீங்கள் வாசலில் நின்று, “பைய எடு. அங்கன நான் இருக்கேன்ல” என்றபோது தெருவே பார்த்தது. நான் வரவில்லை என்றதும் உங்கள் முகம் போன போக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. பயத்தில் வந்தீர்கள். அந்தப் பயத்துக்காகவே கூட வந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வந்தால் அதோடு முடிந்தது, மறுபடி ஊசியைத் தொட மாட்டேன்.

காபி குடிக்காமல் போனீர்கள். ஆனால் தண்ணீர் குடித்தீர்கள். அதைத்தான் எழுத வந்தேன். வந்த உடனே ஒரு செம்பு, பேசும்போதே இன்னொரு செம்பு. கொல்லைப்புறம் போய்ப் போய் வந்தீர்கள். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறீர்கள், பேண்ட் அப்படியும் நிற்கவில்லை. என் சமையல் இல்லாததால் மெலிந்தீர்கள் என்று அக்கா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்குச் சர்க்கரை என்று கண்டுபிடிக்கும்முன் நானும் இப்படித்தான் இருந்தேன்.

நாளைக்கே ரத்தம் பாருங்கள்.

சொர்ணலட்சுமி


சிவகாசி
7.9.2024

சொர்ணத்துக்கு,

சுகர் பேஷண்டுக்குப் பார்க்கிற ஆளெல்லாம் சுகர் பேஷண்டாகத் தெரியும்போல. எங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் கிடையாது. மெஷின் சூட்டில் வேலை செய்கிறவன் தண்ணீர் குடிக்காமல் என்ன செய்வான்?

கண்ணாடிதான் மாற்ற வேண்டும். நேற்று ஒரு லோடு தாளில் ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு எண் கட்டத்தை விட்டு ஒதுங்கி அச்சாகியிருக்கிறது, என் கண்ணுக்குத் தப்பிவிட்டது. ராமகிருஷ்ணன்தான், “அண்ணாச்சி, செவப்பு வெலகுது, நிறுத்துங்க” என்று ஓடி வந்தான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் அப்படிச் சொன்னது இதுதான் முதல்.

புது ஷூ குதிகாலைக் கடித்துப் புண்ணாகியிருக்கிறது. வலியெல்லாம் இல்லை. ஆகவே கவலைப்பட்டுக் கடிதம் எழுத வேண்டாம்.

சண்முகவேல்


காரியாபட்டி
10.9.2024

பிரீத்திகா அப்பாவுக்கு,

கண் மங்குகிறது என்கிறீர்கள். புண் என்கிறீர்கள். வலி இல்லை என்கிறீர்கள். புண் இருந்தும் வலி இல்லை என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

ஷைலா சிஸ்டரிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கோபப்பட்டால் படுங்கள். அவர் சொன்னது: “எழுதிக்கிட்டு இருக்காதீங்கம்மா. இன்னைக்கே போகச் சொல்லுங்க.” அதனால்தான் இன்று போனிலும் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. ராமகிருஷ்ணனுக்குப் போன் அடித்துச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதம் வரும்போது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்காவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து நிற்பேன்.

சொர்ணலட்சுமி


சிவகாசி
24.9.2024

சொர்ணத்துக்கு,

நீ நினைத்தது சரிதான்.

ராமகிருஷ்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வண்டியில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போனான். சர்க்கரை நானூறைத் தாண்டி இருந்தது. டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் தொட்டு, “தொடும்போது சொல்லுங்க” என்றார். நான் அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று காத்திருந்தேன். கண்ணைத் திறந்தால் அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். எல்லா இடமும் தொட்டு முடித்துவிட்டாராம்.

புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குதிகால் எலும்பு வரை போயிருக்கும் என்றார். சில நாள் படுக்க வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் அக்கா இரண்டு வேளையும் சாப்பாடு கொடுத்துவிடுகிறார். இதையெல்லாம் போனில் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. பிள்ளைதான் சொல்லியிருப்பாள்.

எனக்கும் இன்சுலின். இரண்டு வேளை.

சிரிக்காதே. மருந்தை எடுக்கிறேன், குமிழி தட்டுகிறேன், எல்லாம் சரியாக வருகிறது. என் வயிற்றுப் பக்கம் கொண்டுபோனால் கை அங்கேயே நின்றுவிடுகிறது. உனக்குப் போட்ட கைதான். தெருமுனைக் கிளினிக் நர்ஸ் போட்டுவிடுகிறாள். சீசனில் இரண்டு வேளை அங்கே போய் நிற்க முடியாது.

நீ வந்துவிடு, சொர்ணம். நீ போட்டால் சரியாகிவிடும்.

சண்முகவேல்


காரியாபட்டி
28.9.2024

பிரீத்திகா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பையை எடுத்துத் துணி அடுக்கினேன். அக்கா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “போயிட்டு வா, நான் எப்படியும் சமாளிச்சுக்கிருவேன்” என்றாள். வாக்கரைப் பிடித்துக் கதவுவரை நடக்க இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறாள். துணியைத் திரும்ப எடுத்து வைத்தேன்.

அவளுக்காக மட்டும் இல்லை. நான் வந்தால் நீங்கள் கையை நீட்டுவீர்கள், நான் போடுவேன். அப்புறம் நான் ஊருக்குக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நினைத்துவிட்டு இதையும் படியுங்கள்.

ஊசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், பார்க்கப் பார்க்க அது பெரிதாகும். மெதுவாகக் குத்தினால் வலிக்காது என்று தோன்றும். நிஜம் நேர்மாறு, தயங்கினால்தான் வலி. மருந்து இறங்கியதும் உடனே உருவக் கூடாது, மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நேற்றுப் போட்ட இடத்தில் இன்று வேண்டாம். உங்களுக்கு ஒரே இடம்தான் பிடிக்கும் என்பதால் இதை இரண்டாவது தடவையும் எழுதுகிறேன்: நேற்றுப் போட்ட இடத்தில் இன்று வேண்டாம். சட்டைப் பையில் சீனிப் பொட்டலம் இருக்கட்டும். மெஷின் ஓடும்போது கை நடுங்கினால் முதலில் மெஷினை நிறுத்துங்கள், அப்புறம் சீனி.

அங்கே ஆஸ்பத்திரியிலும் இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இருப்பார்கள். வெட்கப்படாமல் பெஞ்சில் போய் உட்காருங்கள்.

சொர்ணலட்சுமி


சிவகாசி
14.10.2024

சொர்ணத்துக்கு,

உன்மேல் இருந்த கோபத்தில்தான் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

சொல்லிக் கொடுக்கிறவன் சாலமன்ராஜ் என்கிற சின்ன வயசுக்காரன். வெடிக் கம்பெனிக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எம். புதுப்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மா, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முதல் தடவையே போட்டுவிட்டார். என் முறை வந்தது. நின்றேன், நின்றேன், அப்படியே நின்றேன்.

“அண்ணாச்சி, அம்மாவுக்கு ஆறு வருஷம் போட்டதாச் சொன்னீக?” என்றான்.

“அது அவ தோலாச்சே, தம்பி” என்றேன்.

பெஞ்சே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன வார்த்தை காதிலேயே நின்றது. ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். அவன் சலித்துக்கொள்ளவில்லை. நேற்றுக் காலை வீட்டில், பொன்னுத்தங்கம் அக்கா கொடுத்த கேப்பைத் தோசையை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெருவில் காய்கறி வண்டி போய்க்கொண்டிருந்தது. போட்டுவிட்டேன். பத்து எண்ணினேன். உருவிய பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

வலித்தது. பெரிய வலி இல்லை, ஆனால் வலித்தது. ஒன்று கேட்கிறேன், நிஜத்தைச் சொல். நான் போட்டதெல்லாம் உனக்கு வலித்ததா?

புண் சுருங்கிவிட்டது. கண்ணும் தெளிவாகி வருகிறது, கண்ணாடி மாற்ற வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சண்முகவேல்


காரியாபட்டி
3.11.2024

பிரீத்திகா அப்பாவுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் வந்து இரண்டு நாள் தங்கிப் போனது அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். காலையில் எழுந்து, யாரும் சொல்லாமல், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து போட்டுக்கொண்டீர்களே, அப்போது நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். முதல் நாள் இடப் பக்கம், மறுநாள் வலப் பக்கம் போட்டீர்கள். சிரித்துக்கொண்டே போய்விட்டேன்.

நீங்கள் கேட்டதை நேரில் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன். சில நாள் வலித்தது. சில நாள் இல்லை. வலித்த நாளெல்லாம் நீங்கள் அவசரத்தில் இருந்த நாள். நான் சொல்லாததற்குக் காரணம், சொன்னால் உங்கள் கை நடுங்கிவிடும் என்று பயம். ஓடி வந்து போட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஷிப்டு, டெல்லி எல்லாம் நீங்கள் எழுதித்தான் தெரிந்தது. அதையும் நீங்கள் அன்றே சொல்லியிருக்கலாம்.

அக்கா தெருமுனைவரை நடக்கிறாள். சமையலுக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டை வழியாக வருகிறேன். மாதம் ஒரு தடவை அக்கா வீட்டில் வந்து தங்குவேன். உங்களுக்குக் காய்ச்சல், முடியவில்லை என்றால் நான் போட்டுவிடுகிறேன். எனக்கு முடியாத நாள் நீங்கள் போடுங்கள். மற்ற நாளெல்லாம் அவரவர் ஊசி அவரவர்க்கு.

சம்மதமா என்று கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

சொர்ணலட்சுமி


சிவகாசி
7.11.2024

சொர்ணத்துக்கு,

தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.

இன்று புண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறிவிட்டது, கட்டு வேண்டாம் என்றார்கள். சாலமன்ராஜிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று அந்தப் பக்கம் போனேன். வெம்பக்கோட்டையிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்திருந்தார்கள். அந்தம்மா பெயர் மூக்கம்மாள். வெடி ஆலையில் திரி வைக்கிற வேலையாம். அவருக்குத்தான் புதிதாக இன்சுலின். சாலமன்ராஜ் சிரிஞ்சை அவரிடம் நீட்டினான். அதற்குள் அந்த மனுஷர் குறுக்கே கையை நீட்டி, “அவ பயந்தவ தம்பி. எனக்குக் காமிங்க, நானே ரெண்டு வேளையும் போட்டுருறேன். அவள எங்கயும் அனுப்ப மாட்டேன்” என்றார். நல்ல மனுஷர். பெண்டாட்டியின் செருப்பைக்கூடக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சாலமன்ராஜ் என்னைப் பார்த்தான். எனக்கு எதற்கு வம்பு என்றுதான் முதலில் இருந்தது. அந்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நீங்களும் கத்துக்கோங்க அண்ணாச்சி, ஒரு அவசரத்துக்கு ஆகும்” என்றேன். “ஆனா மொதல்ல அவுக கையில குடுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார். அந்தம்மா முந்தானையில் விரல்களைத் துடைத்துவிட்டுச் சிரிஞ்சை வாங்கினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

சண்முகவேல்